கடையில் நிற்பவர்

1

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடம். வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் கந்தோரின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டவர்கள் இரண்டு காவலர்கள். மச்சானைக் கண்டதும் இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மேலிடத்திலிருந்து யாரோ பரிசோதனைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். மச்சான் தன் கலியாணக் கோட்டைப் போட்டிருந்தார்.

மச்சான் என்பது என் தங்கை பரீதாவின் கணவர் ஜாபிர். நாங்கள் எல்லோரும் இலங்கையின் கிழக்குக் கரையில் சாய்ந்தமருது. ஊரில் நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குக் கல்முனையிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மச்சான் இரும்புக்கடை வைத்திருந்தார். இப்போது இருவரும் லண்டனுக்கு வடக்கே, ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்து நகரம் ஒன்றில் இருக்கிறோம். மச்சான் வேலை பார்த்த சாண்ட்விச் தொழிற்சாலையை அந்தக் குளிர்காலத்தில் மூடிவிட்டார்கள். நாடு முழுக்க மூடிக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கந்தோருக்கு வந்து, வேலை தேடினேன் என்று சொல்லிக் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் உதவித்தொகை வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாடகையும் வரும். வைக்காவிட்டால் இரண்டும் இல்லை. ஊரில் காலையும் மாலையும் கையெழுத்து வைப்பவர் அரசாங்க உத்தியோகத்தர். அவருக்குப் பெண் கொடுக்க ஆட்கள் அலைவார்கள். இங்கே கையெழுத்து வைப்பவருக்கு வேலை இல்லை என்று பொருள். ஆனாலும் “சைன் வைக்கப் போறன்” என்று மச்சான் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு இருக்கும். கோட்டு அந்த மிடுக்கின் ஒரு பகுதி.

வழக்கமாக அந்த மேசையில் வயதான ஒருவர் இருப்பார். தேடினீர்களா என்பார். மச்சான் “யெஸ்” என்பார். காரியம் முடிந்துவிடும். இந்த முறை ஆள் மாறியிருந்தது. புதிய அதிகாரி ஓர் இளம் பெண். கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதனால்தான் நான் போயிருந்தேன்.

அவர் சிரித்த முகத்தோடு முதல் கேள்வியைக் கேட்டார். கடந்த இரண்டு வாரமாக வேலை தேடுவதற்கு என்னென்ன செய்தீர்கள்?

மச்சான் கோட்டின் நுனியை இழுத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: “சிவராசா அண்ணன்ட கடையில நிக்கிறன் எண்டு சொல்லுங்க. காலையில போனா மூடுமட்டும் அங்கதான். ஒரு நாளும் தவறல்ல எண்டும் சொல்லுங்க.”

செய்தியாளனாக இருந்தவனுக்கு ஒருவர் சொன்னதை மாற்றிச் சொல்ல வராது. அப்படியே சொன்னேன். அதிகாரியின் பேனா நின்றது.

நிற்கிறார் என்றால் என்ன என்று கேட்டார். நிற்கிறார் என்றேன். நின்று என்ன செய்கிறார் என்றார். அதை மச்சானிடம் கேட்டேன். மச்சான் உற்சாகமானார். அரிசி மூட்டை இறக்குவது, மீன் பெட்டிக்கு ஐஸ் போடுவது, டின்களுக்கு விலை ஒட்டுவது, முதலாளி பேங்குக்குப் போனால் கல்லாப்பெட்டியில் இருப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். போன மாதம் கடைச் சாவியே தன்னிடம்தான் இருந்தது என்பதைக் கடைசியாக வைத்துச் சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இவ்வளவு கவனமாக எழுதுகிறாரே என்று மச்சான் அவரை மதிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

2

இதை வாசிக்கும் ஊர் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் வேலை கேட்பதில்லை. கேட்டால் மற்றவர் பதில் சொல்ல வேண்டிவரும். பதில் ‘இல்லை’ என்றால் அந்த இல்லை இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் கிடக்கும். பத்து வருடம் கழித்து ஒரு கலியாணப் பேச்சில் வந்து குறுக்கே நிற்கும். ஆகவே வேலை வேண்டியவர் ஒரு நாள் காலையில் தெரிந்தவரின் கடைக்குப் போவார். சும்மா வந்ததாகச் சொல்வார். நிற்பார். மூட்டை வந்தால் ஒரு கை கொடுப்பார். முதலாளி பிளேன்டீ எடுப்பித்துக் கொடுப்பார். மறுநாளும் வருவார். இருவரும் ஊர்க்கதை, தேர்தல், சம்மாந்துறை நெல் விலை எல்லாம் கதைப்பார்கள். வேலையைப் பற்றி ஒரு சொல் வராது. மாதக்கணக்கில் இப்படிப் போகலாம். ஒரு பெருநாளை ஒட்டி முதலாளி ஓர் உறையை நீட்டுவார், அல்லது “நாளைக்குக் கொஞ்சம் வெள்ளன வாங்க” என்பார். அதுதான் நியமனக் கடிதம். அந்த நாள் வராது என்று தெரிந்தால் நிற்பவர் ஒரு காய்ச்சலைச் சாட்டி வராமல் விடுவார். யாரும் யாரையும் மறுக்கவில்லை. சலாம் தொடரும்.

கல்முனை பசாரில் பாதிக் கடைகளில் ஆள் சேர்ந்தது இப்படித்தான். மச்சானும் இரும்புக்கடைத் தொழிலை இப்படி நின்றுதான் பிடித்தார். எங்கள் ஊரில் வேலையில்லாதவர் என்ற பட்டம் பட்டதாரிகளுக்கு மட்டுமே உரியது. அவர்கள் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, முன்னால் பாய் விரித்துப் போராட்டம் செய்தபோது நான் போய்ச் செய்தி எடுத்திருக்கிறேன். ஒருவரிடம் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். “சும்மாதான் இரிக்கன்” என்றார். பிறகுதான் தெரிந்தது, அவருக்கு ஐந்து ஏக்கர் வயலும் ஓர் உழவு இயந்திரமும் இருந்தன. அரசாங்கம் தராத வேலை வேலையே இல்லை.

அரசாங்கமும் அரசுசாரா அமைப்புகளும் தொழில் கொடுக்கப் புறப்பட்ட ஒரு காலமும் எங்களுக்கு வாய்த்தது. சுனாமி மச்சானின் கடையையும், பரீதாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டையும் கொண்டு போனது. கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு வாழ்வாதார உதவி என்று அறிவித்தார்கள். அந்த மாதம் கொடுப்பதற்கு இருந்தது தோணி மட்டும்தான். ஆணி விற்ற மனிதருக்கு ஒரு நீலத் தோணி கிடைத்தது. வேண்டாம் என்றால் அடுத்த உதவியும் வராது என்று சொன்னபடியால் கையெழுத்து வைத்து வாங்கினார். தற்காலிகக் கொட்டிலுக்கு முன்னால் அதைக் கவிழ்த்து வைத்தார்கள். பக்கத்துக் கொட்டில்காரரின் ஆடுகள் மழைக்கு அதற்குள் ஒதுங்கின. அதிலிருந்து மச்சானுக்கு உதவி கொடுப்பவர்கள்மீது ஒரு மரியாதையும் ஒரு பயமும் உண்டு. எதைத் தருவார்கள் என்று சொல்ல முடியாது.

3

அதிகாரி கோபப்படவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். நாள் முழுக்கக் கடையில் நிற்பவர் வேலை செய்பவர். சம்பளம் இல்லை என்றால் அது வேறு பிரச்சினை, கடைக்காரரின் பிரச்சினை. இவர் என்னிடம் வேலை செய்யவில்லை என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம். அதுவரை உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படும். வாடகைப் பகுதிக்கும் அறிவிக்க வேண்டியிருக்கும்.

பஸ்ஸில் மச்சான் கோட்டு கசங்காமல் நுனியைப் பிடித்தபடி நின்றே வந்தார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிக் கொழுவிய பிறகுதான் கதைத்தார். அந்தப் பிள்ளைமீது அவருக்கு ஒன்றும் இல்லை; அது தன் கடமையைச் செய்தது. கடிதம்தான் பிரச்சினை.

“நீங்களே யோசிங்க மச்சான். இவன் எனக்கிட்ட வேலை செய்யல்ல எண்டு அந்த மனிசனை எழுதித் தரச் சொல்லிக் கேக்கிறதா? எழுதித் தந்திட்டாரெண்டா மறுகா நான் அந்தக் கடைக்குள்ள எப்படிப் போற?”

பரீதா சமையலறையிலிருந்து வந்தாள். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை வாடகை கட்டி அறியான். கலியாணம் முடித்ததும் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு பெண் பேரில் இருக்கும். அதனால் வாடகை என்ற சொல்லின் எடை ஆண்களுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்பது அவளுடைய கட்சி. கடைக்காரர் மனம் நோகும் என்று யோசிக்கிற ஆள், வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் அவருக்கு என்ன சொல்வதென்றும் யோசிக்க வேண்டும் என்றாள். போன முறை வீட்டைக் கடல் எடுத்தது, இந்த முறை மரியாதை எடுக்கப்போகிறது என்றும் சொன்னாள்.

மூத்தவள் ரிப்கா சோபாவில் காலை மடித்துப் போனைப் பார்த்தபடி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேரின் தகப்பன்மார் உதவித்தொகையில்தான் இருக்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு. நாங்கள் கதைக்கும் தமிழை விளங்கிக்கொள்வாள். ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். வாப்பாவுக்கு மட்டும் சலுகையாகத் தமிழைக் கலப்பாள்.

“வாப்பா, வொலண்டியரிங் எண்டு சொல்லுங்க. ஸிம்பிள். அவங்களுக்கு அது ஓகே.”

“வொலண்டியர் எண்டா கலர் ஜெக்கட் போட்டுட்டு சுனாமிக்கு வந்தவங்க,” என்றார் மச்சான். “அவங்கதான் எனக்குத் தோணி தந்த.”

ரிப்கா பிறந்தது சாய்ந்தமருதில். தோணியில் ஏறி விளையாடியிருக்கிறாள். அது நினைவில்லை என்றாள்.

4

கடைக்காரரிடம் நான் போனேன். மச்சான் அந்தப் புதன்கிழமை காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிட்டார். அதன் பொருள் எனக்கு விளங்கியது. சிவராசா அண்ணனுக்கும் விளங்கியிருக்கும் என்று போகிற வழியெல்லாம் பயந்தேன்.

சிவராசா அண்ணன் தமிழர் ஊரான காரைதீவு. எங்கள் முஸ்லிம் ஊரிலிருந்து நடந்தே போகலாம். ஊரில் இருந்திருந்தால் இவ்வளவு பழக்கம் வந்திருக்குமா என்பது சந்தேகம். நடந்து போகும் தூரத்துக்கு நடுவில் இருந்தது சோதனைச் சாவடி மட்டும் அல்ல. இங்கே அவருடைய கடையில்தான் எங்களுக்குக் கருவாடும் மாசி மீனும் கிடைக்கும். என்னைப் பேப்பர்காரர் என்பார். நான் பேப்பரை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

இலங்கையில் போர் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதன் கடைசி நாட்களில் அவர் தினமும் லண்டனுக்கு ரயிலேறி, பாராளுமன்றத்துக்கு முன்னால் கூட்டத்தோடு நின்றார். அவருடைய மனைவியின் தமக்கை குடும்பம் வன்னிக்குள் இருந்தது. போகும்போது சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனார். எப்போது திரும்புவேன் என்று சொல்லவில்லை, மச்சானும் கேட்கவில்லை. அந்தப் போரின் கணக்கு காரைதீவில் ஒன்று, சாய்ந்தமருதில் வேறொன்று. கடையில் அதை இருவரும் கதைத்ததை நான் கேட்டதில்லை. தமக்கை குடும்பத்தில் மூன்று பேர் முகாமில் இருப்பதாகச் செய்தி வந்த அன்று, அண்ணன் பின்னறையில் இருந்தார். மச்சான் டிவியை நிறுத்திவிட்டு வந்தவர்களுக்குச் சாமான் நிறுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தட்டு.

“எழுத ஏலாது,” என்றார். “எழுதினா அவன் மறுகா இஞ்சால வருவானா? காரைதீவிலயும் உப்பிடித்தானே பேப்பர்காரர். உங்கட ஊருக்கு மட்டுமா ரோசம்?”

நண்பராக வந்து போகிறார் என்று எழுதலாமே என்றேன். நண்பன் ஏன் மூட்டை தூக்குகிறான் என்று அந்தப் பிள்ளை கேட்கும் என்றார். சரியான கேள்விதான். அப்படியென்றால் வேலைக்கு எடுத்துவிட்டேன் என்று எழுதினால் என்ன என்று கேட்டேன்.

அவர் துடைப்பதை நிறுத்தினார். தட்டை வைத்தார். கடையில் வியாபாரம் மந்தம், அரை ஆளுக்குத்தான் கட்டும் என்றார். அரை ஆள் என்று ஒருவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நோன்பு முடிய ஒரு வழி பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தாராம். நல்ல நாளில் சொன்னால் பாதி என்றாலும் முழுதாகத் தெரியும். அதற்குள் கந்தோர் வந்து மூக்கை நுழைத்துவிட்டது. ஒரு மனிதன் கேட்காமலே கொடுப்பதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று வெள்ளைக்காரனுக்குத் தெரியாது என்றார்.

கடைசியில், கடிதம் எழுத மாட்டேன், தானே நேரில் வருகிறேன் என்றார்.

5

அவர் பகல் வேளையில் கடையைப் பூட்டியதை அந்தத் தெருவில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. மச்சானின் காய்ச்சல் கந்தோருக்குப் போன அன்று காலை விட்டிருந்தது, கோட்டோடு வந்தார். அண்ணன் திருநீறு பூசி, வெள்ளைச் சேட்டு உடுத்தி வந்திருந்தார். மூன்று பேரும் ஒரே மேசைக்கு முன்னால் இருந்தபோது பெண் பார்க்கப் போன இடம்போல் இருந்தது. அதிகாரி நாற்காலி போதாமல் பக்கத்து மேசையிலிருந்து ஒன்றை இழுத்துத் தந்தார்.

அண்ணனுக்கு ஆங்கிலம் வரும். முதல் கேள்விகளுக்குத் தானே பதில் சொன்னார். இவர் உங்களிடம் வேலை செய்கிறாரா? இல்லை. அப்படியென்றால் கடையில் என்ன செய்கிறார்? நிற்கிறார். சம்பளம் கொடுக்கிறீர்களா? தேத்தண்ணி கொடுக்கிறேன், வெள்ளிக்கிழமைகளில் மீன். மீன் என்பதை அதிகாரி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதினார்.

அடுத்த கேள்வியை அவர் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். இவரை வேலைக்கு எடுக்கும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா?

எங்கள் கரையில் யாரும் வாயால் கேட்டிராத கேள்வி அது. நிற்பவனை அருகில் வைத்துக்கொண்டு கேட்டிராத கேள்வி. மச்சான் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்க்கத் தொடங்கினார். இல்லை என்று வந்தால் உதவித்தொகை மீளலாம், கடை போய்விடும். ஓம் என்று வந்தால் அது அரை ஓமா முழு ஓமா என்று அவருக்குத் தெரியாது. அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“பேப்பர்காரர், இதை அவன்ட முகத்துக்கு முன்னால கேக்கலாமா?”

அவர் என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். யோசிக்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

அண்ணன் மச்சானிடம் நேரடியாகத் தமிழில் சொன்னார்: “தம்பி, நோன்பு முடியச் சொல்லுவம் எண்டு இருந்தனான். இந்தப் பிள்ளை இப்பவே கேக்குது. அரை நாள்தான் எனக்குக் கட்டும். என்ன சொல்ல?”

மச்சான் தீயணைப்புக் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் கேக்கல்ல அண்ணன்.”

“ஓம். நீ கேக்கல்ல.”

“அவங்கதான் கேக்கிறாங்க.”

“அவங்கதான்.”

“அப்ப அவங்களுக்குச் சொல்லுங்க.”

அண்ணன் அதிகாரியிடம் திரும்பி “யெஸ்” என்றார்.

அதிகாரிக்கு உண்மையிலேயே சந்தோஷம். எழுந்து மச்சானுக்குக் கை கொடுக்கப் போனார்; மச்சான் எழுந்து நெஞ்சில் கை வைத்தார்; அவரும் பார்த்துத் தன் நெஞ்சில் கை வைத்தார். பிறகு உட்கார்ந்து கணினியில் தட்டினார். முன்பு நின்றது தகுதிகாண் காலம் என்று கொள்ளப்படும் என்றார். நிறுத்தி வைத்தது விடுவிக்கப்படும், அரை நேர வேலைக்காரருக்கு வாடகையில் ஒரு பங்கு தொடரும், குறைந்த வருமானக் குடும்பத்துக்கென்று வேறோர் உதவியும் இருக்கிறது, அதற்கும் விண்ணப்பிக்கலாம். தோணி ஏதாவது உண்டா என்று மச்சான் என்னிடம் மெதுவாகக் கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒரே ஒரு நிபந்தனைதான் என்றார் அதிகாரி. கடைக்குள் இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் சம்பளம் இருக்க வேண்டும். வேலை நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். கடையில் நிற்கக் கூடாது.

நிற்கவே கூடாதா என்று அண்ணன் கேட்டார்.

கூடாது. அது சட்டம், அவருடைய பாதுகாப்புக்காகத்தான் என்றார்.

மச்சான் என்னிடம் அதை இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். வேலையில்லாதபோது நாள் முழுக்க நிற்கலாம், வேலை கிடைத்தால் பாதி நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பதை அவர் கொஞ்ச நேரம் தலைக்குள் புரட்டிப் பார்த்தார். பிறகு கையெழுத்து வைத்தார்.

6

வாடகை கட்டியாயிற்று. பரீதா கோட்டைக் கழுவிப் பெட்டியில் வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் தகப்பனின் தொழில் என்ன என்று கேட்ட இடத்தில் ரிப்கா ஆங்கிலத்தில் ‘சில்லறை வியாபாரம்’ என்று எழுதினாளாம். எங்கள் முன்னால் அதைச் சொல்லும்போது சாதாரணமாகத்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

போன வாரம் பிற்பகலில் கருவாடு வாங்கப் போனேன். அண்ணன் தனியாக மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். மச்சான் எங்கே என்று கேட்டேன். நாடியால் வெளியே காட்டினார்.

தெருவின் எதிர்ப்பக்கத்தில், கடைக்கு நேர் முன்னால், பஸ் தரிப்பிட வாங்குப் பலகையில் மச்சான் இருந்தார். மதியம் வேலை முடிந்ததிலிருந்து கடை பூட்டும்வரை தினமும் அங்கேதான் என்றார் அண்ணன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பஸ் வந்து நின்றது. மச்சான் போகலாம் என்று சாரதிக்குக் கை காட்டினார். சாரதி பதிலுக்குக் கை உயர்த்தியதைப் பார்த்தால் பழக்கமானவர் போலிருந்தது.

அந்தத் தரிப்பிடத்தில் நிற்கும் பஸ் மச்சானின் வீட்டுப் பக்கம் போவதில்லை.